மச்சானின் மூன்று நோட்டுகள்

1

பகல் பதினொன்று இருபதுக்குக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது பச்சை ஒட்டுநாடா. வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு வைத்த பார்சல் ஒன்று வாசற்படியில் கிடந்தது. அதன் ஒரு பக்கத்தைச் சுங்கத்தில் கத்தியால் கிழித்து, உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த நாடாவால் மறுபடி ஒட்டியிருந்தார்கள். டப்ளினுக்கு வரும் துணிப் பார்சல்களுக்கு இந்த மரியாதை உண்டு.

துணியின் மேல் என் அக்காள் கணவர் செல்லையாவின் கையெழுத்து. சுங்கப் படிவத்தில் வேறு யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: பழைய காகிதங்கள், மதிப்பு இல்லை.

அது 2007 அக்டோபர். நான் அயர்லாந்துக்கு வந்து அன்றோடு ஆறு வருடம். மனைவி ஜெயா இங்கே மருத்துவமனையில் நர்ஸ். அவளைச் சார்ந்தவன் என்று கடவுச்சீட்டில் முத்திரை குத்தி என்னை உள்ளே விட்டார்கள். கம்பத்தில் ஒன்பது வருடம் பகுதிநேர நிருபர், பிறகு மதுரையில் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியர் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். குடிவரவு அலுவலகத்துப் பெண், 'இந்த வேலைக்கு இங்கே தேவை இருக்கிறதா?' என்று கேட்டார். தெரியாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இப்போது ஒரு கிடங்கில் பின்மாலை முறையில் பெட்டிகளைச் சரிபார்க்கிறேன். சரிபார்ப்பது எனக்குப் பழகிய வேலைதான்.

பார்சலில் இருந்தது இருநூற்றுச் சொச்சம் ஜெராக்ஸ் தாள்கள். மச்சான் எழுதிய மூன்று நோட்டுகளின் நகல். மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'மாப்பிள்ளை, இதைப் புத்தகமாக்க ஒரு வழி சொல்லுங்கள்.'

2

மச்சான் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் வாய்க்கால் மடைகளின் ஷட்டரை முறைப்படி ஏற்றி இறக்குபவர். மலை அணையிலிருந்து லோயர் கேம்ப்பில் இறங்கும் தண்ணீர் யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் என்பது காகிதத்தில் பொறியாளர் கையிலும், நடப்பில் லஸ்கர் கையிலும் இருக்கும். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கும்.

முப்பத்து நான்கு வருடம் தான் பார்த்ததை எழுதியிருந்தார். யார் கும்பிட்டார்கள், யார் மிரட்டினார்கள், யார் பூட்டை உடைத்தார்கள் என்று எல்லாம் பெயரோடு இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நாலு வரிக் கவிதை ஒன்று. ஒன்றை மட்டும் இங்கே தருகிறேன்:

ஷட்டரைத் தூக்கினால் ஒருவன் கும்பிடுகிறான்
இறக்கினால் இன்னொருவன் கும்பிடுகிறான்
இரண்டு கும்பிடும் எனக்கில்லை
இரும்புக்கு.

இரண்டே நாளில் படித்து முடித்தேன். சந்தேகத்தோடுதான் படித்தேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் வாழ்க்கை வரலாறுகளில் எழுதுகிறவர் ஒருபோதும் தவறு செய்வதில்லை. இதில் அப்படி இல்லை. தான் வாங்கிய தேங்காய்க் குலை, திராட்சைக் கூடை எல்லாவற்றையும் அவரே எழுதியிருந்தார்.

தொலைபேசி அட்டை வாங்கி அவரைக் கூப்பிட்டேன்.

"நல்லா இருக்கு மச்சான். ஆனா பேரெல்லாம் அப்பிடியே போட்டுருக்கீகளே."

"பேரில்லாட்டி அதென்ன மாப்ள, கதையா?"

"கேஸ் போடுவாக."

"போடட்டும். நான் உசுரோட இருக்கப்பவே இது வரணும். இதுல இருக்கற ஆளுகளும் இருக்கணும். பொய்யின்னா நேரா வீட்டுக்கு வந்து கேக்கட்டும். செத்ததுக்குப் பெறகு வந்தா யாருக்கு என்ன?"

பின்னால் அக்காள் பேச்சியம்மாளின் குரல் கேட்டது: "வந்து கேட்டா காப்பி போட்டுக் குடுக்கறது யாரு? அதையும் எழுதச் சொல்லுடா அவுகள."

3

என் மகள் நிலாவுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளியில் இந்த நாட்டின் பழைய மொழியைக் கட்டாயமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த மொழியில் அவள் ஏரிகளின் பெயர்களை ஒப்பிப்பாள். தமிழில் தன் பெயரை எழுதுவாள், அதற்கு மேல் இல்லை. மாமாவின் தாள்களில் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: மச்சான் கையால் வரைந்த வாய்க்கால் வரைபடம். மடைகளுக்கு எண் போட்டிருந்ததால் அவளால் அதைப் படிக்க முடிந்தது.

"நம்ம வயல் எது?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் அந்த வயலுக்குப் புளியடி வயல் என்று பெயர். நான் ஒருநாளும் அதற்குத் தண்ணீர் பாய்ச்சப் போனதில்லை. விடுதியில் தங்கிப் படித்தவன். வரைபடத்தின் கீழ்ப்பக்கம் உத்தேசமாக விரலை வைத்தேன். "இங்கன இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?" என்றாள்.

நகலை இன்னொரு நகல் எடுக்கக் கடைக்குப் போனபோது 'ஜெராக்ஸ்' என்று கேட்டேன். கடைப்பெண்ணுக்குப் புரியவில்லை. இயந்திரத்தைக் கைகாட்ட வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் நிலா சொன்னாள்: "அப்பா, அது ஒரு கம்பெனியோட பேரு." இப்படித் திருத்தும்போது அவள் குரலில் கேலி இருப்பதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

4

புத்தகமாகும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். சுயசரிதையும் கவிதையும் எழுதி வைத்திருப்பவர்கள் ஊரில் பலர் என்பதால், கண்டதை அப்படியே பதிவு செய்கிறேன்.

முதலில் சென்னையில் ஒரு பதிப்பகம். அனுப்புவதற்கு முன் அக்காளிடம் ஒரு வேலை சொன்னேன். நாற்பதாம் தாளையும் நாற்பத்து ஒன்றாம் தாளையும் ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிடச் சொன்னேன். ஐந்து வாரம் கழித்து, 'உயிரோட்டமான நடை, ஆனால் எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை' என்ற கடிதத்தோடு தாள்கள் திரும்பின. பருக்கை காய்ந்து, ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

இரண்டாவது, கவிதைத் தொகுப்பு ஒன்றின் விளம்பரம். மச்சான் ஒரு கவிதை அனுப்பினார். 'தேர்வாகியுள்ளது, இணைப்பில் உள்ள படிவத்தில் பிரதிகளுக்குப் பதிவு செய்க' என்று பதில் வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ் நேரங்களை வரி வரியாக உடைத்து, தலைப்புப் போட்டு, அக்காள் பெயரில் அனுப்பச் சொன்னேன். அதுவும் தேர்வானது.

"ஏலே, என் கவிதையும் எடுத்துக்கிட்டாகளாம்டா" என்று அக்காள் போனில் சிரித்தாள். "உங்க மச்சான் மூஞ்சியப் பாக்கணுமே. நாலு நாளா எங்கூடப் பேசல. என்னய போட்டின்னு நெனச்சுட்டாக."

மூன்றாவது பதிப்பாளர் நேராக என்னிடமே பேசினார். லஸ்கரை யாருக்கும் தெரியாது, வெளிநாட்டில் இருப்பவர் பெயர் இருந்தால் நூலக ஆணையும் கிடைக்கும், விழாவும் வைக்கலாம் என்றார். அட்டையில் என் பெயர். உள்ளே 'தகவல் உதவி' என்று மச்சான் பெயர். நான் மறுத்தேன். ஆனால் மறுக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன் என்பதையும் எழுத வேண்டும்.

5

2008 கோடையில் மச்சான் சொன்னார்: "பழனிசெட்டிபட்டியில ஒரு பிரஸ்காரக. பேரு வேல்முருகன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கறவுக. ஐநூறு காப்பி போட்டுத் தாரேங்கறாக. காசு வேணாங்கறாக."

காசு வேண்டாம் என்பதில்தான் எனக்குச் சிக்கல். நிருபராக இருந்தபோது இலவசமாக வந்த தகவல்தான் என்னை வக்கீல் நோட்டீஸ் வரை கொண்டுபோய் விட்டது.

"எந்தக் கட்சி?" என்றேன்.

"கட்சியெல்லாம் இல்ல மாப்ள."

வேல்முருகனைக் கூப்பிட்டேன். நாற்பது வயதுக் குரல். பின்னால் அச்சு இயந்திரத்தின் சத்தம்.

"ஏன் நீங்களே போடுறீங்க?"

"நம்ம பக்கத்து ஆளு எழுதிருக்காகண்ணே. ஒரு புக்காக் கெடக்கட்டுமேன்னுதேன்."

"எந்தப் பக்கத்துக்காக அடிக்கிறீங்க?"

இயந்திரம் நின்றது. "புக்குப் பூராவும்தேன் அடிக்கப் போறேன்" என்றார். "நீங்க பேப்பர்ல இருந்தவுகளாமே. சந்தேகப்பட்டுத்தேன் கேப்பீக. கேளுங்க."

எனக்கு வந்த முடிவு இதுதான்: நோட்டுகளில் இருக்கும் நாற்பத்து மூன்று பெயர்களில் ஏதோ ஒருவரை அடிக்க இந்த ஆளுக்குப் புத்தகம் தேவைப்படுகிறது; மச்சானின் உழைப்பு யாரோ ஒருவருக்குத் துண்டறிக்கை ஆகப் போகிறது. தேனியில் இருக்கும் பழைய சக நிருபர் ஒருவரை விசாரிக்கச் சொன்னேன். அவர் அனுப்பிய மின்னஞ்சல் மூன்று வரி. கட்சித் தொடர்பு இல்லை. கடன் தொல்லை இல்லை. வயதான தாயாரோடு இருக்கிறார். தகப்பனார் பொதுப்பணித் துறையில் ஏதோ வேலையில் இருந்து இறந்துவிட்டார்.

'ஏதோ வேலை' என்று ஒரு நிருபர் எழுதி அனுப்பியிருந்தால், மதுரையில் நான் அதைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அன்று அனுப்பவில்லை.

மச்சானிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். பெயர்களை எடுத்துவிட வேண்டும். புத்தகம் வரும், அக்காளும் அந்த ஊரில் நிம்மதியாக இருப்பாள். தொலைபேசி அட்டையில் நிமிடங்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

"சரி மாப்ள. நீங்களே பாத்து எடுங்க. எது இருக்கணும், எது கூடாதுன்னு உங்களுக்குத்தேன் தெரியும்" என்றார்.

சிவப்புப் பேனாவோடு சமையலறை மேசையில் மூன்று வாரம் உட்கார்ந்தேன். நாற்பத்து மூன்று பெயர்களும் 'ஒரு விவசாயி', 'ஊர்ப் பெரியவர் ஒருவர்', 'உதவியாளர் ஒருவர்' என்று ஆயின. மடை எண்களைத் தொடவில்லை; எண் யாரையும் காட்டிக்கொடுக்காது என்று நினைத்தேன். ஓர் இடத்தில் மட்டும் எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. தண்ணீர் குறைந்த ஒரு வருடம், இருபத்து மூன்றாம் மடையின் பூட்டை யாரோ உடைத்துவிடுகிறார்கள். கடைமடையில் பயிர் கருகுகிறது. மச்சானுக்கு உதவியாளாக இருந்த மாயாண்டி சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டை உடைத்ததுபோல் காட்டினார் என்று அவர் மேல் பழி விழுந்து, வேலை போகிறது. மச்சான் இப்படி எழுதியிருந்தார்:

'பூட்டை உடைத்தது மாயாண்டி இல்லை. சாவியும் கொடுக்கவில்லை. உடைத்தவரை எனக்குத் தெரியும். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் தெரியாது என்றேன். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.'

மற்ற எல்லா இடத்திலும் பெயரைப் போட்ட மனிதர், இங்கே உடைத்தவர் பெயரைப் போடவில்லை. நல்ல நிதானம் என்று பட்டது. மாயாண்டியை 'உதவியாளர்' ஆக்கினேன். கடைசி வாக்கியம் விஷயத்தோடு சேரவில்லை என்று அடித்தேன். தாள்களைப் பதிவுத் தபாலில் பழனிசெட்டிபட்டிக்கு அனுப்பினேன்.

6

2009 பிப்ரவரியில் புத்தகம் வந்தது. இரண்டு பிரதிகள். அட்டையில் வாய்க்கால் படம், கீழே மச்சானின் பெயர். ஜெயா கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

நான் பென்சிலோடு உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்த்தேன். நாற்பத்து இரண்டு பெயர்கள், நான் எடுத்தபடியே, எங்கும் இல்லை. அறுபத்தெட்டாம் பக்கத்தில் ஒன்று மட்டும் திரும்ப வந்திருந்தது. மாயாண்டி.

சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது என்பதில் ஒரு திருப்தி வந்ததை மறைக்க மாட்டேன். உடனே வேல்முருகனைக் கூப்பிட்டேன்.

"கேட்காம ஒரு பேரைச் சேர்த்திருக்கீங்க."

"ஆமாண்ணே."

"எதுக்கு?"

"அது எங்கப்பா பேருண்ணே."

அறுபத்தெட்டாம் பக்கத்தை மறுபடி திறந்தேன்.

"அன்னைக்குக் கேட்டீகல்ல, எந்தப் பக்கத்துக்காகன்னு. அறுபத்தெட்டாம் பக்கம்தேன். அப்பவே சொல்லிருக்கணும். சொன்னா நீங்க வேணாம்னுட்டா என்ன பண்றதுன்னு இருந்துட்டேன். செல்லையா ஐயாதேன் நோட்டைக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்தாக. நானாப் போகல. உங்கப்பா பேரு இதுல இருக்கு, நீ அடிச்சுக் குடுடான்னாக. உங்க சிவப்பு மையில அவரு உதவியாளராகிட்டாரு. மத்தவுக பேரை நான் தொடலண்ணே."

"பூட்டை உடைச்சது யார்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் என்னை நிஜமாகவே ஆச்சரியத்தோடு கேட்டார்: "உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியாது."

"அக்காட்டக் கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

7

அக்காள் மூன்று முறை எடுக்கவில்லை. நான்காம் முறை எடுத்தாள். "தம்பி" என்று கூப்பிடவில்லை.

"இருபத்து மூணாம் மடை யாரு வயலுடா?"

"தெரியாதுக்கா."

"தெரியாதா? மூணு வாரம் உக்காந்து பாத்தேன்னியே. நம்ம புளியடி வயலுடா! அந்த மடையில வேற ஒருத்தருக்கும் ஒரு சொட்டுப் பாயாது. ஊர்ல எல்லாத்துக்கும் அது தெரியும். பேரை எடுத்துட்டாராம், நம்பரை விட்டுட்டாராம். பேரு போட்டுருந்தாக்கூட எத்தனை பேரு இருக்கான் அந்தப் பேருல. நம்பருக்கு நம்ம அப்பா ஒருத்தருதேன்."

எங்கள் அப்பா 1999இல் இறந்தார். அவர் கடப்பாரையோடு வாய்க்கால் கரையில் நிற்பதை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. அக்காளுக்குக் கல்யாணமாகிப் பூட்டு உடைந்த வருடம் எனக்குப் பதினாறு வயது, விடுதியில் இருந்தேன். மாதாமாதம் பணம் தவறாமல் வந்தது. மற்ற வீட்டுப் பையன்கள் சிலருக்கு அந்த வருடம் வரவில்லை, பள்ளியை விட்டு நின்றார்கள். அதை நான் எப்போதும் அப்பாவின் திறமைக் கணக்கில் வைத்திருந்தேன்.

"ரெண்டு பேரும் சேந்து அப்பாவ அச்சடிச்சு வீடு வீடாக் குடுத்துருக்கீக" என்றாள் அக்காள். "ஒருத்தரு எழுதுனாக. ஒருத்தரு பாத்துட்டேன்னாக."

"மச்சான் எங்கக்கா?"

"இங்கனதேன் நிக்கிறாக. பேசு. நான் பேசி அஞ்சு நாளாச்சு."

மச்சானின் குரலில் கோபம் இல்லை; தயக்கமும் இல்லை.

"ஏன் மச்சான் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"எழுதித்தேன் அனுப்பிருந்தேனே மாப்ள. கல்யாணமாகி மூணு மாசம்னு. அதப் பாத்தாலே நீங்க புரிஞ்சுக்குவீகன்னு நெனச்சேன். உங்கப்பாவாச்சே. இருக்கணுமா எடுக்கணுமான்னு நீங்கதேன் சொல்லணும். நீங்க அந்த வரிய மட்டும் அடிச்சுட்டு மத்ததெல்லாம் விட்டுருந்தீக. சரி, மாப்ள மனசாரச் சம்மதிச்சுட்டாகன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஊரில் சிலர் அக்காள் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டிருக்கிறார்கள். பொய் என்று சொல்ல யாரும் வரவில்லை. தங்கள் பெயரை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கத்தான் இரண்டு பேர் வந்தார்களாம். அக்காள் காப்பி போடவில்லை.

நிலா அன்று மாலை வரைபடத்தை மறுபடி எடுத்து வந்தாள். அவளிடம் இருபத்து மூன்றைக் காட்டினேன். நான் முன்பு விரல் வைத்த இடத்திலிருந்து அது வெகு மேலே, தலைவாய்க்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. "நல்ல இடம்" என்றாள். அந்தப் பூட்டின் கதையை அவளுக்குத் தமிழில் சொன்னேன். பாதி புரியவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்த ஆளுக்கு வேலை திரும்பக் கிடைத்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

புத்தகம் ஐநூறும் தீர்ந்து, மறுபடி அச்சடிக்கலாமா என்று வேல்முருகன் 2010 தை மாதம் எழுதினார். மற்ற பெயர்களை மச்சானும் அவரும் முடிவு செய்யட்டும் என்றும், அறுபத்தெட்டாம் பக்கத்தில் நான் அடித்த வாக்கியத்தைச் சேர்த்துவிடச் சொல்லியும் பதில் போட்டேன். அக்காளிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். "உன் இஷ்டம்" என்றாள். அதற்கு மூன்று அர்த்தம் உண்டு. எது என்று நான் கேட்கவில்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். முதல் கட்டுப் புத்தகம் பைண்டிங் முடிந்த அன்று, மச்சான் அவளிடம்கூடச் சொல்லாமல் டவுன் பஸ் ஏறிப் பழனிசெட்டிபட்டிக்குப் போயிருக்கிறார். மாயாண்டியின் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மச்சான் அவர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார்.